தாமிரத்துக்குக் கீழே: ரேடார் ஆண்டெனாப் பலகையின் வரலாறு

தட்டை ரேடார் ஆண்டெனா மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே, வரிசை வரிசையாகச் சிறு தாமிரச் சதுரங்கள். அடியில் முழுத் தாமிரத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பலகை. பொறியாளர்கள் அதை சப்ஸ்ட்ரேட் என்பார்கள். இருபுறமும் தாமிரம் ஒட்டி விற்பனைக்கு வரும்போது லேமினேட் என்பார்கள். அலையை வீசுவதும் திரும்பி வரும் அலையை வாங்குவதும் தாமிரம்தான். ஆனால் அந்தச் சதுரம் எந்த அதிர்வெண்ணில் ஒத்திசையும், அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு வழியிலேயே சூடாகிப் போகும், வெயிலிலும் உறைகுளிரிலும் ஆண்டெனா ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா என்பதையெல்லாம் முடிவுசெய்வது நடுவில் இருக்கும் பலகை. அந்தப் பலகையின் வரலாறு பெரும்பாலும் பொருள்களின் வரலாறு. இந்தியாவில் அது சற்றே கோணலாக நடந்தது: கணக்கு முன்னே ஓடியது, பொருள் பல ஆண்டுகள் பின்தங்கி வந்தது.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கப்படுபவை இரண்டு எண்கள். ஒன்று, மின்காப்பு மாறிலி. இது கூடக்கூடப் பலகைக்குள் அலைநீளம் குறுகும். தாமிரச் சதுரமும் அதற்கேற்பச் சிறுக்கும். எடுத்துக்காட்டாக, 5.35 கிகாஹெர்ட்ஸில், சதுரத்தின் பக்கத்தைத் தீர்மானிக்கும் அரை அலைநீளம் காற்றில் 28 மி.மீ. மாறிலி 2.2 ஆக உள்ள பலகையில் அது சுமார் 19 மி.மீ. ஆகிறது, 4.4 உள்ள பலகையில் சுமார் 13 மி.மீ. மாறிலி நூற்றுக்கு இரண்டு பங்கு பிசகினால் ஒத்திசைவு அதிர்வெண் ஒரு பங்கு பிசகும், அதாவது 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். மெல்லிய பலகையில் அமைந்த சதுரம் வேலை செய்யும் பட்டையே சில விழுக்காடுதான் என்பதால், இந்தப் பிசகு ஆண்டெனாவைச் செவிடாக்கப் போதும்.

இரண்டாவது எண், இழப்பெண். கணினிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் இருக்கும் பச்சைப் பலகை எஃப்.ஆர்-4 என்ற கண்ணாடி இழை, எபாக்சி கலவை. அதன் இழப்பெண் சுமார் 0.02. டெஃப்லானை அடிப்படையாகக் கொண்ட நல்ல ரேடார் பலகையில் அது 0.001ஐ ஒட்டியே இருக்கும். தாளில் பார்த்தால் இரண்டுமே சின்ன எண்கள். ஆனால் 5.35 கிகாஹெர்ட்ஸ் அலை எஃப்.ஆர்-4 பலகைக்குள் புதைந்த கம்பித்தடத்தில் 30 செ.மீ. தூரம் போனால், பலகை மட்டுமே ஆற்றலில் நான்கில் மூன்று பங்கைத் தின்றுவிடும். அதே தூரத்தில் டெஃப்லான் பலகை தின்பது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. ரேடாருக்கு இது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. இலக்கில் பட்டுத் திரும்பும் எதிரொலி ஏற்கெனவே மிக மெலிந்து வருகிறது. அதைப் பலகையிடம் பறிகொடுத்துவிட்டுப் பிறகு எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

இப்படி அலையை விழுங்காத பொருள்கள் இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில் பிறந்து, போர்க்காலத்தில் வேலைக்கு வந்தவை. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வின்னிங்டன் ஆய்வகத்தில் 1933இல் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்டு கிப்சனும் உயர் அழுத்தச் சோதனை ஒன்றில் எதிர்பாராமல் பாலிஎத்திலீனைக் கண்டார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ரேடார் கேபிள்களின் மின்காப்பு அதுவே ஆயிற்று. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் 1938 ஏப்ரல் 6 அன்று குளிர்பதன ஆய்வுக்கான வாயு அடைத்த உருளை ஒன்றைத் திறந்தபோது வாயு வரவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளைத் தூள் இருந்தது. பிற்பாடு டெஃப்லான் என்று பெயர் பெற்ற பொருள் அது. எந்த அமிலமும் அதைத் தொடவில்லை என்பதால் முதலில் அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் ஹெக்சாஃப்ளோரைடைத் தாங்கும் முத்திரைகளுக்குப் பயன்பட்டது. நுண்ணலைகளை அது ஏறக்குறைய விழுங்குவதே இல்லை என்ற குணம்தான் பின்னாளில் ரேடார்காரர்களை அதன் பக்கம் இழுத்தது.

பலகையில் தாமிரத்தைப் படமாக வரையும் யோசனை தனியாக வளர்ந்தது. வியன்னாவிலிருந்து லண்டனில் தஞ்சம் புகுந்த பவுல் ஐஸ்லர் 1936 அளவில் அச்சிட்ட சர்க்யூட் கொண்ட வானொலிப் பெட்டியைச் செய்து காட்டினார்; காப்புரிமைக்கு 1943இல் விண்ணப்பித்தார். நுண்ணலைக்கு இதை முதலில் திருப்பியவர் அமெரிக்க விமானப்படையின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் பாரெட். அதுவரை ரேடார் அலை, பித்தளையிலும் அலுமினியத்திலும் கடைந்தெடுத்த அலைக்குழாய்களில்தான் பயணித்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவே தட்டையான தாமிரப் பட்டையை வைத்தாலும் அலை ஓடும் என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். 1952 டிசம்பரில் கிரீக், எங்கல்மன் என்ற பொறியாளர்கள் இருவரும் மேல் தகட்டையும் நீக்கிவிட்ட மைக்ரோஸ்டிரிப் அமைப்பை வெளியிட்டார்கள். மறு ஆண்டே ஜார்ஜ் டெஷாம்ப்ஸ், அந்தப் பட்டையையே ஆண்டெனாவாக்கலாம் என்றார்.

யோசனை 1953இல் வந்துவிட்டது. செயலுக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. காரணம் பலகைதான். அன்று கிடைத்தவற்றில் சில அலையை விழுங்கின, சில ஈரம் உறிஞ்சின, சிலவற்றின் மாறிலி ஒரே தாளில் இடத்துக்கு இடம் மாறியது. டெஃப்லானுக்குள் கண்ணாடி இழையைச் சேர்த்து, தாமிரம் உரியாமல் ஒட்டும் பக்குவம் கைவந்த பிறகே ஹவல், மன்சன் என்ற பொறியாளர்கள் 1970களின் முற்பகுதியில் நடைமுறை ஆண்டெனாக்களைச் செய்தார்கள். 1978இல் நாசா ஏவிய சீசாட் செயற்கைக்கோளின் ரேடார் ஆண்டெனா 10.74 மீட்டர் நீளமும் 2.16 மீட்டர் அகலமும் கொண்ட மைக்ரோஸ்டிரிப் வரிசை. அந்தக் கோள் ஏறத்தாழ மூன்றரை மாதமே உயிரோடிருந்தது. ஆனால் அதன் படங்களுக்குப் பிறகு, தட்டை ஆண்டெனா விண்வெளிக்குத் தாங்குமா என்ற கேள்வி எழவில்லை.

அமெரிக்காவின் ரோஜர்ஸ் நிறுவனத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1832இல் கனெக்டிகட்டில் காகித ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் அது. இழையைக் கூழாக்கிச் சீராகப் பரப்பும் கைப்பழக்கம் கொண்டவர்கள், நுண்ணிய கண்ணாடி இழைத் துணுக்குகளை டெஃப்லானில் திசையின்றிக் கலந்து டியூராய்டு பலகையை உருவாக்கியது பொருத்தமானதே. நெய்த கண்ணாடித் துணியில் நூல் ஓடும் இடத்தில் மாறிலி கூடும். நூலுக்கு நடுவே குறையும். துணுக்குகளைக் கலந்த பலகையில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. நுண்ணலை ஆய்வகங்களில் 2.2 என்ற மாறிலி இத்தனை பழக்கமானதற்கு அந்தப் பலகையே காரணம்.

சர்க்யூட் போர்டுகளில் வழக்கமாகப் பயன்படும் கண்ணாடி இழையில் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுண்ணாம்பு. மீதி மணல், அலுமினா, போரான்.   ரேடார் அதிர்வெண்ணுக்கு வரும்போது அந்தச் சுண்ணாம்பே தொந்தரவு. அது கண்ணாடியின் மாறிலியை ஆறுக்கு மேல் ஏற்றிவிடுகிறது. எனவே உயர் அதிர்வெண் பலகைக்குச் சுண்ணாம்பைக் குறைத்து, மணலையும் போரானையும் கூட்டிய கண்ணாடி நெய்கிறார்கள்; செலவைப் பாராதவர்கள் குவார்ட்சு இழைக்கே போகிறார்கள்.

டெஃப்லான் பலகையைப் பட்டறையில் கையாள்வது எளிதல்ல. எதுவும் ஒட்டாத பொருள் என்பதால்தான் சமையல் தவாவில் அது பூசப்படுகிறது. பலகைத் தொழிலில் அதே குணம் பகையாகிறது. மேல் தாமிரத்தையும் கீழ்த் தாமிரத்தையும் இணைக்கத் துளை போட்டு, துளையின் உட்சுவரில் தாமிரம் பூசவேண்டும். எபாக்சிப் பலகையில் அது அன்றாட வேலை. டெஃப்லானில் பூச்சுக் கரைசல் சுவரை நனைக்காமலே வழிந்துவிடும். அதற்காகப் பலகையை முதலில் சோடியம் கலந்த கரைசலில் முக்குகிறார்கள். சோடியம் மேற்பரப்பிலிருந்து ஃப்ளோரினைப் பிடுங்கிக்கொள்ள, தூய வெள்ளையாக இருந்த துளைச் சுவர் பழுப்பேறும். அந்தப் பழுப்பு நிறமே வேலை பலித்ததற்கான அடையாளம். பலகையை வெளிச்சத்தில் நெடுநாள் போட்டு வைத்தால் அந்தப் பக்குவம் கெட்டுப்போகும். சோடியத்தைத் தவிர்க்க விரும்புவோர் பிளாஸ்மா அறையைப் பயன்படுத்துகிறார்கள்.

வெப்பமும் ஒரு சிக்கல். 19 பாகை செல்சியஸ் அளவில் டெஃப்லானின் படிக அமைப்பு மாறுகிறது. கன அளவும் மின்காப்பு மாறிலியும் சிறிது தாவுகின்றன. மார்கழி விடியலில்கூட வெப்பம் அந்த அளவுக்குக் கீழே அரிதாகவே இறங்கும், அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம் போன்ற ஊரில் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போகும் செயற்கைக்கோளிலோ, உயரே பறக்கும் விமானத்திலோ இந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பக் கடக்க நேரிடும். தாமிரம் விரிவதைவிட டெஃப்லான் பல மடங்கு அதிகம் விரிவதால், ஒவ்வொரு கடப்பிலும் துளைப் பூச்சு இழுபடும். பீங்கான் தூளைக் கலந்து இந்த விரிவை அடக்குவதுதான் பிற்காலப் பலகைகளின் வழி.

தாமிரத்தின் அடிப்பக்கமும் கவனிக்கவேண்டியதே. 5 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் தாமிரத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த ஆழத்தில்தான் ஓடுகிறது. பலகையில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று தகட்டின் அடிப்பக்கத்தைச் சொரசொரப்பாக்குவது பழைய வழக்கம். அந்த மேடுபள்ளம் பல மைக்ரான் இருந்தால் மின்னோட்டம் ஏறி இறங்கிப் போகவேண்டும்; இழப்பு கூடும். வழவழப்பான தாமிரத்தைப் போட்டால் இழப்பு குறையும், ஆனால் தாமிரம் உரிந்து வரும் அச்சம் கூடும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பது இன்றும் ஒவ்வொரு வடிவமைப்பிலும் புதிதாக எடுக்கவேண்டிய முடிவு.

இந்தியாவில் இந்தத் துறை கணக்கில் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய கே.சி. குப்தா, ரமேஷ் கார்க், ஐ.ஜே. பால் மூவரும் எழுதிய மைக்ரோஸ்டிரிப் தடங்கள் பற்றிய நூல் 1979இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு பாலும் பிரகாஷ் பார்த்தியாவும் மைக்ரோஸ்டிரிப் ஆண்டெனாக்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள்; அந்தப் பொருளில் உலகில் வந்த முதல் நூல்களுள் அது ஒன்று. 2001இல் கார்க் முதலியோரின் விரிவான கையேடு வந்தது. 2003இல் மும்பை ஐ.ஐ.டி.யின் கிரீஷ் குமாரும் சமீர் என்ற நுண்ணலை ஆய்வு நிறுவனத்தின் கே.பி. ரேயும் அகலப் பட்டை ஆண்டெனாக்கள் பற்றி எழுதினார்கள். பலகையின் தடிமனையும் மாறிலியையும் கொடுத்தால் தாமிரச் சதுரத்தின் அளவைச் சொல்லும் வாய்பாடுகளை உலகெங்கும் மாணவர்கள் இந்த நூல்களிலிருந்து கற்றார்கள். இது சிறிய சாதனை அல்ல.

நிறுவனங்களுக்கும் குறைவில்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954இலும், ராணுவ ரேடார்களை வடிவமைக்கும் எல்.ஆர்.டி.இ. ஆய்வகம் 1958இலும் பெங்களூரில் எழுந்தன. சமீர் 1984இல் தனி அமைப்பாயிற்று. சென்னை தரமணியில் அதன் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஆனால் வாய்பாட்டில் போடவேண்டிய பலகை கப்பலிலோ விமானத்திலோதான் வந்தது. 1998இல் பொக்ரான் அணுச் சோதனைகளுக்குப் பிறகு அமெரிக்கா இந்தியப் பாதுகாப்பு, விண்வெளி நிறுவனங்கள் பலவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது, வெளிநாட்டுப் பொருளை நம்பியிருப்பதன் விலை எல்லோருக்கும் தெரிந்தது.

மழை பார்க்கும் ரேடார்களில் இந்தப் பலகைக்கு அதிக வேலை இல்லை. சென்னையில் 2002இல் இயங்கத் தொடங்கிய டாப்ளர் ரேடாரும், காரைக்கால் ரேடாரும் பெரிய கிண்ண ஆண்டெனா கொண்டவை. ஏறத்தாழ 10 செ.மீ. அலைநீளத்தில் கூர்மையான கற்றை வேண்டுமானால் ஆண்டெனா பல மீட்டர் அகலம் இருக்கவேண்டும். நிலத்தில் கட்டடத்தின் உச்சியில் வைத்துச் சுழற்ற முடிகிறபோது கிண்ணமே மலிவு. அலை காற்றிலேயே போவதால் பலகையில் வீணாகும் பேச்சும் இல்லை. ஆண்டெனாவைச் சுழற்ற இடமில்லாத இடத்தில், விமானத்தின் மூக்கிலும் செயற்கைக்கோளின் விலாவிலும் காரின் முகப்பிலும்தான், பலகை இன்றியமையாததாகிறது.

இந்தியாவின் பெரிய எடுத்துக்காட்டு ரிசாட்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள். அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இதன் ரேடாரை உருவாக்கியது. வேலை நீண்டுகொண்டே போனது. மும்பைப் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு அவசரம் கூடவே, இஸ்ரேலிய ரேடாருடன் ரிசாட்-2 என்ற கோள் 2009 ஏப்ரலிலேயே ஏவப்பட்டது. இரண்டாம் எண் முந்திக்கொண்டது இப்படித்தான். சொந்த ரேடார் கொண்ட ரிசாட்-1, 2012 ஏப்ரல் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி19 ராக்கெட்டில் ஏறியது. எடை 1,858 கிலோ, அதிர்வெண் 5.35 கிகாஹெர்ட்ஸ்.

அதன் ஆண்டெனா 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். மூன்று பலகங்களாக மடிந்து சென்று மேலே விரிந்தது. ஒவ்வொரு பலகமும் ஒரு மீட்டர் சதுரமான நான்கு ஓடுகளாகப் பிரிக்கப்பட்டது. ஓர் ஓட்டில் 24 வரிசை, வரிசைக்கு 24 தாமிரச் சதுரங்கள். அடுத்தடுத்த சதுரங்களின் இடைவெளி சுமார் 4 செ.மீ. வரிசையில் உள்ள 24 சதுரங்களுக்கும் அலையைப் பங்கிட்டுக் கொடுக்கப் பலகைக்குள் புதைந்த இரண்டு தடங்கள்: ஒன்று நேர்க்குத்து அலைக்கு, மற்றது கிடை அலைக்கு. தடத்துக்கு ஒன்றாக, அலையை அனுப்பி வாங்கும் சிறு பெட்டி. மொத்தம் 12 ஓடுகளுக்கு 576 பெட்டிகள். மேலே கணக்கிட்ட இழப்பை இங்கே பொருத்திப் பார்த்தால் விஷயம் விளங்கும்: பெட்டியிலிருந்து வரிசையின் கடைசிச் சதுரம்வரை அலை பலகைக்குள்தான் போகவேண்டும். அந்த வழியில் பலகை தின்பது சூரியத் தகடுகள் அரும்பாடுபட்டுச் சேர்த்த மின்சாரம். அத்துடன் 6,912 சதுரங்களும் ஒரே தாளத்தில் அசைந்தால்தான் கற்றை நேராகப் போகும். ஓர் ஓட்டின் பலகை அடுத்த ஓட்டின் பலகையிலிருந்து மாறிலியில் வேறுபட்டால் தாளம் தப்பும். ரிசாட்-1 படம் எடுத்து அனுப்பியபோது, மற்ற எல்லாவற்றோடும் அந்தப் பலகைகளின் ஒழுங்கும் நிரூபணமாயிற்று.

இப்படிப்பட்ட ரேடார் எதற்கு என்பதற்கு ஜெயங்கொண்டம் வட்டாரமே நல்ல விளக்கம். வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் மேகம் மூடியிருக்கும்போது சாதாரணக் கேமராக் கோளுக்கு இங்கே எதுவும் தெரியாது. ரேடார் அலைக்கு மேகம் தடையில்லை. கொள்ளிடத்தை ஒட்டிய தா.பழூர்ப் பக்கம், நடவு முடிந்து நீர் நிற்கும் சம்பா வயலில் பட்ட அலை கண்ணாடியில் பட்டதுபோல் அப்பால் தெறித்துவிடும். படத்தில் வயல் கறுப்பாக விழும். பயிர் தூர் கட்டி வளர வளர, தண்டிலும் நீரிலும் பட்டு அலை திரும்பி வரும். அதே வயல் வாரத்துக்கு வாரம் வெளுக்கும். ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகள் அப்படி மாறுவதில்லை. இந்த வேறுபாட்டைக் கொண்டு நெல் எங்கே, எப்போது நடப்பட்டது என்று கணிக்கலாம். கங்கைகொண்டசோழபுரத்துப் பொன்னேரி நிறைந்தால் அதன் பரப்பும் கறுப்புத் திட்டாகத் தெரியும். இந்தப் பணியைத் தொடர ரிசாட்-1ஏ, இ.ஓ.எஸ்-04 என்ற பெயரில், 2022 பிப்ரவரி 14 அன்று ஏவப்பட்டது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30 அன்று போனது. அதில் 12 மீட்டர் வலைக்கிண்ணம் உண்டு. அந்தக் கிண்ணத்துக்கு அலையை ஊட்டுவது தாமிரச் சதுர வரிசைகளே.

பலகைப் பொருளை உள்நாட்டிலேயே உருவாக்கும் முயற்சி திருச்சூரில் நடந்தது. 1990இல் அமைந்த மின்னணுப் பொருள் தொழில்நுட்ப மையமான சி-மெட், புனே, ஹைதராபாத், திருச்சூர் ஆகிய மூன்று இடங்களில் ஆய்வகங்கள் கொண்டது. திருச்சூர் ஆய்வகம் டெஃப்லான் தூளில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற பீங்கான் தூளைக் கலந்து பலகை செய்தது. தூள்களை மசகோடு பிசைந்து, பிதுக்கி, உருளைகளுக்கு நடுவே மெல்லிய தாளாக இழுத்து, தாள்களை அடுக்கி, மேலும் கீழும் தாமிரம் வைத்துச் சூட்டில் அழுத்துவது அதன் முறை. பீங்கான் அளவைக் கூட்டிக் குறைத்து, மாறிலியை 10 வரை கொண்டுபோக முடிந்தது. டெஃப்லானின் மாறிலி வெப்பத்தோடு ஒரு பக்கம் நகரும், சில வகைப் பீங்கான்களின் மாறிலி வேறு பக்கம் நகரும். சரியான பங்கில் கலந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டும். ஒரு நாட்டின் ரேடார் சுயசார்புக்குத் தேவையான அறிவு இதுதான். அது ஆய்வேடுகளில் நிறைய இருக்கிறது, ஆலைகளில் குறைவாக இருக்கிறது.

மூலப்பொருளின் கதையும் இதை ஒட்டியே போகிறது. தெலங்கானாவின் ருத்ராரத்தில் இயங்கிய அரசுத் துறை ஆலையான ஹிந்துஸ்தான் ஃப்ளோரோகார்பன்ஸ், 1987 முதல் டெஃப்லான் வகைப் பொருளைச் செய்தது. 2020இல் அதை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இதற்கிடையே குஜராத்தின் தஹேஜில் 2007இல் தொடங்கிய தனியார் ஆலை பெரிய அளவில் உற்பத்தி செய்து ஏற்றுமதியும் செய்கிறது. ஆக, தூள் இந்தியாவிலிருந்து வெளியே போகிறது. தூளில் செய்த ரேடார் பலகை பெருமளவு வெளியிலிருந்து வருகிறது.

தேவையோ இப்போது விண்வெளியோடும் ராணுவத்தோடும் நிற்கவில்லை. முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானே பிரேக் போடும் கார்களில் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கிறது. அங்கே அலைநீளம் 4 மி.மீ.க்கும் குறைவு, தாமிரச் சதுரம் ஒரு மில்லிமீட்டர் அளவு, பலகையின் தடிமன் பெரும்பாலும் 0.127 மி.மீ. மின்னோட்டம் ஓடும் ஆழம் கால் மைக்ரான். நெய்த கண்ணாடித் துணியில் ஒரு சதுரம் நூலின் மேல் அமர்ந்து, பக்கத்துச் சதுரம் நூலிடை வெளியில் அமர்ந்தாலே கற்றை கோணும். சென்னையைச் சுற்றி இத்தனை கார் ஆலைகள் உள்ள மாநிலத்துக்கு இது தொலைதூர ஆராய்ச்சி அல்ல, அடுத்த வாசலில் இருக்கும் சந்தை.

2025இல் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டத்தை அறிவித்தது. தாமிரம் ஒட்டிய லேமினேட்டும் அதன் பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஆண்டு அக்டோபரில் முதல் சுற்றில் ஒப்புதல் பெற்றவற்றில் தமிழ்நாட்டில் அமையவுள்ள லேமினேட் ஆலையும் ஒன்று. நல்ல தொடக்கம். ஆனால் எபாக்சி லேமினேட் செய்யும் ஆலை தானாக ரேடார் லேமினேட் செய்துவிடாது. டெஃப்லானுக்கும் பீங்கானுக்கும் வேறு எந்திரம், வேறு சூடு, வேறு அளவீட்டுக்கூடம் வேண்டும். அளவு குறைவு, லாபம் தாமதம் என்பதால் தனியார் தானே முன்வருவது கடினம். திட்டத்தில் உயர் அதிர்வெண் பலகைக்கென்று தனி ஒதுக்கீடு வைத்து, திருச்சூர் ஆய்வகத்தின் முறைகளை ஆலைக்குக் கொண்டுவர மத்திய, மாநில அரசுகள் இரண்டும் முனையவேண்டும்.